நாய் முன்னாடி சொல்லுங்க

அப்பா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதைப் பார்த்ததுமே பெரியவளுக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

அந்த வீட்டில் கதவுகள் சாத்தப்பட்டதே இல்லை, அறையப்படும். அப்பா அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். வரிசையாக மெஷின்கள் ஓடும் கூடத்தில், இந்த மூலையில் நின்று அந்த மூலைக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்தியே உரமேறின தொண்டை. அங்கே அவருக்கு ‘சைரன்’ என்று பேர். ஓய்வு பெற்றபோது சைரனும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, சைரனுக்குச் சொந்த இடமே வீடுதான். அச்சகத்துக்குப் போய் வந்ததெல்லாம் உபதொழில்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, தனியாக ஒரு ஃபிளாட் பிடித்து நிம்மதியாக இருந்தாள். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து, அவள் படுக்கையறைக் கூரை பொத்தென்று கட்டிலில் விழுந்தது. வேலை முடியும் வரைக்கும் அம்மா வீட்டில் இருக்கலாம் என்று பெட்டியோடு வந்திருந்தாள். ‘அம்மா வீடு’ என்றுதான் எப்போதும் சொல்வாள். அப்பாவின் பேரை அந்த வீட்டோடு சேர்த்துச் சொல்ல நாக்கு வராது.

“பெட்டியை உருட்டாதே, தூக்கிக்கோ,” என்று அப்பா கிசுகிசுத்தார். “சக்கரச் சத்தம் கேட்டா அது பயந்துக்கும்.”

“எது?”

“பொட்டலம்.”

சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்த நாய். பூட்டிக்கிடந்த ஒரு பைண்டிங் பட்டறையில், பழைய கட்டிங் மெஷின் ஒன்றைப் பார்க்கப்போன இடத்தில், அப்பா அதைக் கண்டெடுத்தாராம். ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டு யாரோ போயிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்ததைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா கதவைத் திறந்து, “என்ன பொட்டலம்?” என்று கேட்டாள். அதுவே பேராகிவிட்டது.

அதெல்லாம் சரி. ஆனால் அப்பா நடந்துகொண்ட விதம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. டம்ளரை மேசையில் வைக்கும்போது சுண்டுவிரலை அடியில் கொடுத்து வைத்தார். தும்மல் வந்தால் பின்பக்கம் ஓடினார். டிவி ஊமையாக ஓடியது. அடியில் எழுத்து வருகிற செய்தி சானலாகப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?” என்று அம்மாவிடம் சமையலறையில் கேட்டாள்.

“நாய்க்குத்தான் சரியில்ல,” என்றாள் அம்மா. “யாராவது குரலை உசத்தினா நின்ன இடத்திலேயே ஒண்ணுக்குப் போயிடும். செருப்பைக் கடிக்கும். நாம வெளிய போனா கதவைப் பிறாண்டி ஊரைக் கூட்டும். நாய் டாக்டர்தான் ஒரு பொண்ணைச் சொல்லிவிட்டாரு. அவ வந்து சொல்லித் தர்றா.”

“நாய்க்கா?”

“நமக்குத்தான்.”

அந்தப் பெண் மறுநாள் மாலை வந்தாள். பருத்த உடம்பு, இடுப்பில் ஒரு பை, பை நிறைய பிஸ்கட் தூளும் வேகவைத்த கோழித் துண்டுகளும். அம்மா அவளுக்கு வைத்திருந்த பேர் பிஸ்கட் டீச்சர். உள்ளே வந்ததும் நாய் அவள் மேல் தாவியது. அவள் திட்டவில்லை, தள்ளவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நாலு காலும் தரையில் பட்டதும் திரும்பி ஒரு துண்டைக் கொடுத்தாள்.

“சார், வாஷிங் மெஷின் சத்தத்துக்குப் பழக்கறது எந்த மட்டுல இருக்கு?”

“சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி போன்ல போடறேன்மா. நேத்து பாதி வரைக்கும் வச்சேன், மேசைக்கு அடியில போகல,” என்றார் அப்பா. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகம்.

“நல்லது. அவசரப்படாதீங்க. காது பின்னால போனா உடனே குறைச்சிடுங்க. செருப்பு?”

“எல்லாத்தையும் அலமாரிக்குள்ள வச்சுட்டோம். கடிக்கிறதுக்கு ஒரு ரப்பர் எலும்பு குடுத்திருக்கேன்.”

“தனியா விடறது?”

“வெளிய போய்க் கதவைச் சாத்திட்டு உடனே வந்துடறேன். அது அழறதுக்கு முன்னாடி வந்துடணும்னு சொன்னீங்கள்ல. இப்ப தெருமுனை வரைக்கும் போக முடியுது.”

பெரியவள் சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு வருவது பெருமையா, எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது தெருவில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. பொட்டலம் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, கூடத்து நடுவில், அப்பாவின் காலுக்குப் பக்கத்திலேயே ஈரமாக்கிவிட்டது. செய்துவிட்டு, அடி விழப்போகிறது என்பது போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது.

அப்பா துணியை எடுத்து வந்தார். மண்டியிட்டார். “பரவாயில்ல,” என்றார் நாயிடம். “பரவாயில்லடா கண்ணு. ஒண்ணுமில்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.” வினிகர் தெளித்துத் துடைத்தார். துடைக்கும்போதும் நாய்க்குப் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தார், மேலே குனிந்தால் அது மிரளும் என்று.

பெரியவளுக்குக் காதுக்குள் ரத்தம் ஏறியது.

அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு. சின்னவன். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவான். அப்பா ஒரு நாள் காலையில் அந்த ஈர விரிப்பை அவன் கையில் கொடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கச் சொல்லி, வாசலில் நிறுத்தினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள். சின்னவன் அழவில்லை. விரிப்பை மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டான். அதற்கும் ஒரு கத்தல்: “கீழ எறக்கு! மூஞ்சி தெரியட்டும்!” அது ஒரு நாளோடு முடியவில்லை. இப்போது அவன் வேறு ஊரில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணத்துக்கு அப்பாவைக் கூப்பிடவில்லை. பிறந்த குழந்தையின் படத்தை அக்காவுக்கு மட்டும் அனுப்பினான், ‘அவர்கிட்ட காட்டாதே’ என்று ஒரு வரியோடு.

பிஸ்கட் டீச்சர் கிளம்பிப் போகும் வரைக்கும் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவ்வளவுதான்.

“பரவாயில்லடா கண்ணு?” என்றாள். “பரவாயில்லடா கண்ணு?”

அப்பா திரும்பிப் பார்த்தார். “என்னம்மா?”

“அந்த வார்த்தை உங்க வாயில வருமா? எங்க இருந்துச்சு இத்தனை வருஷமா? நாய்க்குப் பரவாயில்ல. சின்னவன் பண்ணினப்ப என்ன பண்ணீங்க? வாசல்ல நிக்க வச்சீங்களே! விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு, ஊரே பார்க்க நிக்க வச்சீங்களே!”

கடைசியில் அவள் குரல் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. அச்சகக் கூடத்தின் அந்த மூலைக்குக் கேட்டிருக்கும். அவள் தொண்டையிலும் ஒரு சைரன் இருந்திருக்கிறது.

பொட்டலம் வழுக்கி விழுந்து எழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. ஓடின வழியெல்லாம் ஈரக்கோடு.

“மெதுவா,” என்றார் அப்பா. “மெதுவா பேசும்மா. அது பயப்படுது.”

அவளுக்கு அந்த இடத்திலேயே எதையாவது போட்டு உடைக்கவேண்டும் போல இருந்தது. கை மேசை மேலிருந்த ஜாடிக்குப் போயும் விட்டது. மேசைக்கு அடியில் மடிந்த காதும் நிமிர்ந்த காதும் ஒன்றாகப் பின்னால் போய், தலையோடு ஒட்டிக்கிடந்தன. அவள் ஜாடியை விட்டாள். அப்பாவுக்காக இல்லை.

“நாங்களும் பயந்தோம்,” என்றாள், பல்லுக்கிடையில். “உங்க ஸ்கூட்டர் சத்தம் தெருவுல கேட்டா அம்மா ரேடியோவ நிறுத்துவா. நாங்க புத்தகத்தைத் திறந்து வச்சுப்போம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு எல்லாம் பார்க்க மாட்டோம்.”

அப்பா துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். “விரிப்பா? வாசல்லயா? எனக்கு ஞாபகம் இல்லையே.”

“ஞாபகம் இல்ல,” என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

“நிஜமா இல்லம்மா. ஏதோ கோபத்துல...” அவர் நிறுத்தினார். நாயைக் கைகாட்டினார். “இது என்னைப் பார்த்து நடுங்குச்சு. உடம்பு முழுக்க. பயம்னா என்னன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் அப்படி நடுங்கினதே இல்லையே. கூப்பிட்டா உடனே வந்து நிப்பீங்க. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. நான் அதை மரியாதைன்னு நெனச்சேன்.”

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கனவே கழுவின கரண்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த ‘மரியாதை’ என்கிற வார்த்தை அவளைக் கொஞ்ச நாள் குழப்பியது. வேலைக்குப் போனால், எக்ஸ்ரே அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வந்து நிற்கும். இந்த மனுஷருக்கு நிஜமாகவே தெரியாதோ? சிலருக்குக் காது கேட்காது, சிலருக்கு நிறம் தெரியாது, அது போல இவருக்குப் பயம் என்பது கண்ணில் படாத ஒன்றோ? அம்மா அந்தக் காலத்தில் ஓயாமல் சொன்னதும் அதுதான்: “கோபம் வந்தா அவருக்கு என்ன பண்றோம்னே தெரியாதுடி. மனசுல ஒண்ணுமில்ல.” மழை, புயல் மாதிரி அது ஒரு இயற்கைச் சீற்றம். வந்தால் ஒதுங்கவேண்டும், அவ்வளவுதான்.

அவள் நாயோடு பழக ஆரம்பித்தாள். காலையில் டூட்டிக்கு முன்னால் வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வந்ததும் தாவினால் முதுகைக் காட்டி நின்றாள். வாஷிங் மெஷின் சத்தம் போனிலிருந்து முழுதாகக் கேட்டும் பொட்டலம் ரப்பர் எலும்பை விடாமல் மென்றுகொண்டிருந்த அன்று, அவளும் அப்பாவும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக அன்று முழுக்கத் தன் மேலேயே அவளுக்குக் கோபம். ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான்.

நாய்க்குத் தீராத பயம் ஒன்று பாக்கி இருந்தது, மாடிப்படி. முதல் படியில் கால் வைக்காது. பிஸ்கட் டீச்சர், “அதை விடுங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டாள். அதனால் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அதைக் கீழேயே விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா அடிக்கடி போனாள். காயாத துணியைக்கூடப் பார்த்துவிட்டு வரப் போனாள். பெரியவள் கவனித்தாள், யோசிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். வாஷிங் மெஷினிலிருந்து அம்மா துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டையை உதறியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டாக விழுந்தது. பாக்கெட்டில் வைத்தபடியே சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார். அப்பா வந்து பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. பொட்டலம் பக்கத்தில் படுத்திருந்தது.

“கொஞ்சம் மேல வா,” என்றார் அம்மாவிடம். அவ்வளவு மென்மையாக.

அம்மா கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பெரியவள் தன் அறையில் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குளிக்கலாம் என்று போனவள், குளியலறைக் காற்று ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மேலேயிருந்து வந்தது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் புரிந்தது. ஏறி, ஒரு கணம் நின்று, மறுபடி அதைவிட மேலே ஏறுகிற சத்தம். அவள் முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது. கை, திறந்துவைக்க ஒரு புத்தகம் தேடியது போல, சோப்புப் பெட்டியைத் தடவியது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அம்மா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் முகத்துக்கு நேரே குனிந்து கத்திக்கொண்டிருந்தார். “கண்ணு இருக்கா உனக்கு? அறிவு இருக்கா? பாக்கெட்டைப் பார்த்துப் போடத் தெரியாதா? எத்தனை வருஷமா சொல்றேன், எத்தனை வருஷமா! சோத்தைத் தின்னுட்டுத் தூங்கத்தான் தெரியும்!” எச்சில் தெறித்தது. அம்மா எச்சிலைத் துடைக்கவில்லை. தூரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்காக நிற்கிற மாதிரி.

“அப்பா,” என்றாள் பெரியவள்.

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. “நீ கீழ போ. இது எங்களுக்குள்ள.”

அவள் அம்மாவைக் கேட்டாள், “எவ்வளவு நாளா?”

“அந்தப் பொண்ணு வர ஆரம்பிச்சதுலேர்ந்து,” என்றாள் அம்மா. “கீழ கத்தக்கூடாதில்ல.”

நாள் முழுவதும் கிசுகிசுத்த வீடு, சுண்டுவிரல் வைத்து இறக்கின டம்ளர், ஊமை டிவி, எல்லாவற்றுக்குமான சத்தத்தையும் சேர்த்துவைத்து இங்கே கொண்டுவந்து அம்மாவின் முகத்தில் கொட்டியிருக்கிறார். இவள் கீழே சிரித்துக்கொண்டிருந்த நாட்களிலும்.

“கோபம் வந்தா அவருக்கே தெரியாதுன்னு சொன்னியே,” என்றாள் அம்மாவிடம். “தெரியுதும்மா. நல்லா தெரியுது. கூடத்துல வந்த கோபத்தைப் பத்திரமா பிடிச்சு வச்சுக்கிட்டு, படியேறி வந்து, இடம் பார்த்து, அப்புறம் திறக்குறாரு. குழாய்! மூடணும்னா மூடுவாரு, திறக்கணும்னா திறப்பாரு. அப்பவும் முடிஞ்சிருக்கும். சின்னவன் விஷயத்துலயும் முடிஞ்சிருக்கும். மூட வேண்டாம்னு திறந்து வச்சிருந்தாரு, அவ்வளவுதான்!”

“வாயை மூடு!” என்று அப்பா கத்தினார். “யார்கிட்ட பேசறே தெரியுதா? பெத்து வளர்த்தவன்கிட்ட...”

அவள் கேட்கவில்லை. தடதடவென்று கீழே இறங்கினாள். கொக்கியிலிருந்து நாய்ச்சங்கிலியை எடுத்தாள். பொட்டலம் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது, வெளியே போகிறோம் என்று நினைத்து. கழுத்தில் மாட்டி, மாடிப்படிக்கு இழுத்தாள். மேலே கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தவேண்டும். இப்ப கத்துங்க பார்க்கலாம் என்று கேட்கவேண்டும். அதைத்தவிர அவள் தலையில் வேறு எதுவும் இல்லை.

முதல் படியில் நாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அவள் இழுத்தாள். கழுத்துப் பட்டை தோலை மேலே தள்ளி, கண்கள் பிதுங்கின. அது குரைக்கவில்லை, உறுமவில்லை. அவளைப் பார்த்து நடுங்கியது.

அவள் சங்கிலியை விட்டுவிட்டாள். படியிலேயே உட்கார்ந்தாள். கை எரிந்தது.

மேலேயிருந்து செருப்புச் சத்தம். அம்மா கிளிப் டப்பாவோடு இறங்கி வந்தாள். மகளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். டப்பாவை மேசை மேல் வைத்தாள். பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பொட்டலம் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய் அவள் மடியில் தலையை வைத்தது.

அப்பா பின்னாலேயே வந்தார். “எழுந்திரு,” என்றார், பழைய கிசுகிசுப்பில். “மேல வா. நான் இன்னும் பேசி முடிக்கல.”

“இங்கயே சொல்லுங்க.”

“எழுந்திருன்னு சொல்றேன்.”

“மாட்டேன்,” என்றாள் அம்மா. “எனக்கு முட்டி வலிக்குது. இனிமே மாடிக்கு வரமாட்டேன். என்ன சொல்லணுமோ நாய் முன்னாடி சொல்லுங்க.”

அப்பாவின் கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தார். பொட்டலம் கண்ணைத் தூக்கி அவரைப் பார்த்தது. வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

“கண்ணாடி,” என்றார். “கண்ணாடி உடைஞ்சிருச்சு.”

“ஆமா, உடைஞ்சிருச்சு. பாக்கெட்ல வச்சுட்டுப் போட்டது நீங்க.”

“நீ பார்த்திருக்கலாம்.”

“பார்த்திருக்கலாம். பார்க்கல.”

“வேற வாங்கணும்.”

“வாங்கிக்கலாம்.”

அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. அப்பா நின்றுகொண்டே இருந்தார், இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல, அது என்ன என்று தெரியாதது போல.

ஆனால் அம்மாவுக்குப் பாக்கி இருந்தது. நாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். குரல் உயரவே இல்லை. தூங்கவைக்கிற குரலில்தான் பேசினாள். பேசினதெல்லாம் நெருப்பு. அவள் தங்கை வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் “முண்டம்” என்று கூப்பிட்டது. காய்ச்சலில் படுத்திருந்தபோது தட்டு பறந்தது. பெரியவள் கல்யாணமே வேண்டாம் என்று ஏன் சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்து, மகளைப் பார்த்து, அதை அப்படியே விட்டாள். அப்பா நடுநடுவே, “போதும்,” “இப்ப எதுக்கு அதெல்லாம்,” என்றார். கத்த முடியாத அவருடைய குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கத்தலை எடுத்துவிட்டால் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“சின்னவன் விஷயம் ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க,” என்றாள் அம்மா கடைசியில். “எனக்கு இருக்கு. அவன் வாசல்ல நின்னப்ப நான் உள்ள நின்னேன். போய்ப் பிடுங்கிப் போட்டிருக்கணும். போடல. அது என் பங்கு. அதை நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன். உங்க பங்கை நீங்க சொல்லுங்க.”

அப்பா வெளியே போனார். போகும்போது கதவை முழுக்கத் திறந்து பிடித்தார். ஒரு கணம், பெரியவளும் அம்மாவும் நாயும், மூன்று பேருமே தோளைச் சுருக்கிக்கொண்டார்கள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

“அம்மா,” என்றாள் பெரியவள். “என்கூட வந்துடு. ஃபிளாட் வேலை முடியப்போகுது.”

“எதுக்கு? இது என் வீடு. நான் பார்த்துப் பார்த்துத் துடைச்ச தரை.” அம்மா கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது. “நீயும் இதை இப்படி இழுத்திருக்க வேண்டாம்டி.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. போய்க் கொஞ்சம் கோழி எடுத்துட்டு வா.”

கூரை பூசி முடிந்ததும் பெரியவள் தன் ஃபிளாட்டுக்குத் திரும்பினாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரைக்கும் வந்தார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள் டிரைவரிடம்.

அம்மா போனில் எல்லாம் சொல்வாள். வெளியே வா, மாடிக்கு வா என்று அப்பா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாராம். அம்மா அசையவில்லை. ஒரு தடவை தனியாகவே மேலே போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி, “என்ன சார், தொட்டி நிறையலையா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா இதைச் சொல்லிச் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா சின்னவனிடம் பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. அவன் அக்காவைக் கூப்பிட்டு, “அம்மா அழுதாங்க. நான் அழல,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அப்புறமா அழுதேன்,” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவே போன் செய்தார். அவர் பேரில் அழைப்பு வந்து அவள் பார்த்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தாள்.

“பொட்டலம் முதல் படியில கால் வச்சுடுச்சும்மா,” என்றார். “நேத்து. யாரும் இழுக்கல. தானாவே. முன்னங்கால் ரெண்டும். அந்தப் பொண்ணு வந்து பார்த்துட்டு ரொம்ப...”

அவர் சொல்லிக்கொண்டே போனார். குரல் மெதுவாக, இதமாக, ஒரு நல்ல மனுஷருடைய குரலாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். இந்தக் குரலை எட்டு வயதில் கேட்டிருந்தால் காதில் தேன் பாய்ந்திருக்கும். இப்போது அது அவளுக்குள் இறங்க இறங்கக் கொதித்தது.

அவர் முடித்தபோது கேட்டாள்: “சின்னவன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?”

அந்தப் பக்கம் நாயின் நகங்கள் தரையில் தட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“இருக்கு,” என்றார் கடைசியில்.

“அப்ப அங்க கூப்பிடுங்க. நாயைப் பத்திப் பேசாதீங்க. விரிப்பைப் பத்திப் பேசுங்க. ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அவன் எடுக்கலைன்னா?”

“எடுக்க மாட்டான். மறுபடி கூப்பிடுங்க. மறுபடியும் எடுக்க மாட்டான். அந்தச் சத்தத்தைப் பாதி பாதியா உசத்தி எவ்வளவு பொறுமையா நாய்க்குப் போட்டுக் காட்டினீங்க? அதுல பாதிப் பொறுமை போதும்.”

அவள் போனை வைத்தாள். அடுப்பை மறுபடி பற்றவைத்து, பால் பொங்கி வரும் வரைக்கும் அங்கேயே நின்றாள். அவர் கூப்பிட்டாரா என்று அன்று சாயங்காலம் அவள் யாரையும் கேட்கவில்லை.